யானிஸ் யார் என்று கேட்டார்கள்

செஞ்சியில் சுதர்சனா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. நெல் ஏலம் நடக்கும் கமிட்டிக்கு எதிரே நெல் மண்டி வைத்திருக்கும் ஸ்ரேயாம்ஸ் வீட்டுக்காரம்மா என்றால் வழி சொல்வார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்பதும் தெருவில் தெரிந்ததுதான். ரேஷன் கார்டில் பேர் திருத்தவும் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் எடுக்கவும் அவளிடம் வருவார்கள். எடுத்துக் கொடுப்பாள். தன்னுடைய வேலை அது இல்லை என்று முதலில் சிலரிடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவள் நடத்தியது ஓர் இணையச் சேவை. திரையில் நாம் பார்க்கும் பக்கங்களெல்லாம் உள்ளுக்குள் எச்.டி.எம்.எல். என்னும் குறிகளால் எழுதப்பட்டவை. திறந்த குறியை மூட வேண்டும். படம் வைத்தால் அது என்ன படம் என்று கண் தெரியாதவர்களுக்காக எழுதிவைக்க வேண்டும். இப்படி நிறைய விதிகள் உண்டு. வெப்சைட் வைத்திருப்பவர் தன் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அந்தச் சேவை முழுவதையும் படித்து, இன்ன வரியில் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று சொல்லும். கட்டணம் கிடையாது. சர்வரை வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று இலவசமாகக் கொடுத்திருந்தது.

அதைத் தொடங்கியவள் அவளல்ல. லாத்வியா என்ற சின்ன நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் யானிஸ் என்பவர் தொடங்கியது. சுதர்சனா மேல்சித்தாமூரில் பிறந்தவள். சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தாள். மகள் பிறந்த பிறகு, விதை வியாபாரி ஒருவருக்காகத் தமிழில் ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் அந்தச் சேவையில் தன் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தாள். பிழை இருக்கிறது என்று சரியாகச் சொன்னது. ஆனால் இடத்தை எங்கேயோ தள்ளிக் காட்டியது. ஒரு நாள் முழுக்க யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். தமிழில் 'க' என்று ஓர் எழுத்து இருந்தால் அது மூன்றாக எண்ணியது. 'கி' என்றால் ஆறாக. அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. "நன்றி. எனக்கு உங்கள் எழுத்து தெரியாது. கற்றுக்கொடுக்கிறீர்களா?"

அப்படித்தான் தொடங்கியது. எழுத்துப் பிழையைச் சேர்ந்து சரிசெய்தார்கள். பிறகு வேறொன்று. போகப்போகச் சோதிக்கும் நிரலை எழுதுவது யானிஸின் பொறுப்பு, சேவையை ஓட வைப்பது அவள் பொறுப்பு என்று ஆனது. சர்வர் திணறினால் பார்ப்பாள். பயன்படுத்துகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவாள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு அவள் உட்காரும் நேரம் யானிஸுக்குக் காலை. வெயில் சாயும்வரை இருவரும் எழுதிக்கொண்டே வேலை செய்வார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டிய ஜைன வீடு என்பதால் அதற்குமேல் அவள் உட்கார முடியாது. யானிஸுக்கு அது தெரியும். "உங்கள் சூரியன் இறங்குகிறது, எழுந்திருங்கள்" என்று அவரே எழுதுவார்.

ஒரே ஒரு முறை பெரிய சண்டை வந்தது. யானிஸ் எழுதிய பிழைச் செய்திகள் கடுமையாக இருந்தன. 'சட்டவிரோதம்', 'அனுமதி இல்லை' என்ற மாதிரி.

"போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது" என்று சுதர்சனா எழுதினாள்.

"பிழை பிழைதானே?"

"பிழை பிழைதான். பண்ணினவர் திருடர் இல்லையே."

இரண்டு நாள் அவர் பேசவில்லை. பிறகு, "எல்லாச் செய்திகளையும் நீங்களே மாற்றி எழுதுங்கள். எனக்கு மனிதர்களிடம் பேச வராது" என்று எழுதினார். அவள் ஒவ்வொன்றாக மாற்றினாள். 'இந்தக் குறி இங்கே வரக்கூடாது. அதற்கு மேலே உள்ளதை மூட மறந்திருக்கலாம், பாருங்கள்' என்று முடிந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதினாள்.

பேச வராது என்று அவர் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவ்வளவு பேசுவார். கூரையில் பனி ஏறிக்கிடப்பது, பள்ளிப் பிள்ளைகள் கீபோர்டில் எழுத்துகளைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தது, கடையில் உப்பு மீன் கெட்டுப்போய் வந்தது, எல்லாம் வரும். மீன் என்றதும் அவள் முகம் சுளிப்பாள் என்று தெரிந்தே எழுதுவார். அவள் கரன்ட் போனதை எழுதுவாள். மகள் விடுதிக்குப் போன வாரம் வீடு வெறிச்சென்று இருந்ததை எழுதினாள். அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஒரு முறை, "போனில் பேசலாமா?" என்று கேட்டாள். "எழுதுவதே நன்றாக இருக்கிறது" என்றார். அவளும் விட்டுவிட்டாள். அவர் குரலை அவள் கேட்டதே இல்லை. இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

போன வருஷம் மாசியில் சர்வர் மூச்சுமுட்டத் தொடங்கியது. மனிதர்கள் கேட்பது கொஞ்சம்தான். உலகத்து வெப்சைட்டுகளையெல்லாம் மேய்ந்து நகலெடுக்கும் தானியங்கி நிரல்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேவையை அடைத்துக்கொண்டன. அவற்றைத் தடுக்கச் சோதனை நிரலிலேயே ஒரு மாற்றம் வேண்டும். அதை யானிஸ்தான் செய்ய வேண்டும். எழுதினாள். பதில் இல்லை. மறுபடியும் எழுதினாள். அதற்குள் உலகின் ஏதேதோ மூலைகளிலிருந்து சேவை வேலை செய்யவில்லை என்று ஆட்கள் திட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பா நெல் வரத்து உச்சத்தில் இருந்ததால் மண்டி ஆட்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்தது. எரிச்சலில் மூன்றாவதாக ஒன்று எழுதினாள்.

"விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்."

அதற்குப் பதில் வந்தது. யானிஸிடமிருந்து அல்ல. இல்ஸே என்று கையெழுத்திட்டிருந்தது.

"நான் யானிஸின் தங்கை. கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சில நாள் நினைவில்லாமல் இருந்து போன வாரம் இறந்துவிட்டார். அவர் வீட்டைச் சுத்தம் செய்ய இன்று வந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தபோது உங்கள் செய்தி இருந்தது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

சுதர்சனா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்தாள். சாவுச் செய்தி கேட்டால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. புடவையோடு உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டாள். நடுப்பகலில் தண்ணீர் வெந்நீராக வந்தது.

ஈரத்தலையோடு வெளியே வந்தவளை மாமியார் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்நேரத்துல தலைக்கு ஊத்திக்கினு வர்ற?"

"ஒருத்தர் செத்துட்டாங்க அத்தை."

"யாரு? சித்தாமூர்லயா?"

"இல்ல. என்கூட வேலை செஞ்சவரு. வெளிநாட்டுல."

மாமியார் யோசித்தார். மறுநாள் சித்தாமூரில் சின்ன மகள் அனந்தமதியின் குழந்தைக்குக் காது குத்து.

"நம்மாளு இல்லையே?"

"இல்ல."

"அப்போ நமக்குத் தீட்டு இல்ல. நாளைக்கு விசேஷத்த வச்சிக்கினு எங்கியும் வாயத் தெறக்காத. தலைய தொவட்டு, சளி புடிக்கும்."

அவர் கொடுமைக்காரி அல்ல. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் சுதர்சனா அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு சித்தாமூருக்குப் போனாள். பந்தியில் பரிமாறினாள். குழந்தை வீறிட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அத்தைக்காரிக்கு எம்மாம் பாசம் பாரு" என்று யாரோ சொன்னார்கள். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

கணவனிடம் அவள் மறைக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வரும்போதே சொன்னாள். ஸ்ரேயாம்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"யானிஸ்னா ஆம்பளையா?"

"ஆமாங்க."

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல."

"போன்ல பேசியிருக்கியா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எப்படி இந்த அழு அழுவுற?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பஸ் வல்லத்தில் நின்று ஆள் ஏற்றியது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"எங்க நைனா செத்தப்போகூட நீ இப்படி அழுவல."

அது உண்மை. மாமனார் இறந்தபோது அவள் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் அவள் பேசியதெல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் பேச்சுக்கு வராது. அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

எப்படியோ அனந்தமதிக்குத் தெரிந்து, "முகமே பாக்காதவனுக்கு அண்ணி எழவு காக்குறாங்களாம்" என்று அவள் போனில் அம்மாவிடம் சொன்னது சமையலறைவரை கேட்டது. மாமியார், "போன வையிடி" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஸ்ரேயாம்ஸ் மண்டியிலிருந்து பிந்தி வரத் தொடங்கினான். இருட்டிவிட்டால் சாப்பிட மாட்டான், பசியோடு படுத்துக்கொள்வான். அவள் எடுத்துவைத்ததை மறுநாள் மாட்டுக்குப் போட வேண்டியிருந்தது.

சுதர்சனா இல்ஸேவுக்கு எழுதினாள். அந்தக் கடைசிச் செய்திக்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைப் படித்திருக்கவே மாட்டார், அது வருமுன்பே நினைவு போய்விட்டது என்று இல்ஸே எழுதினாள். அது ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று சுதர்சனாவுக்குத் தெரியவில்லை. அவருடைய பேச்சைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகள் கதையைப் பற்றி, உப்பு மீனைப் பற்றியெல்லாம் எழுதினாள். இல்ஸேவிடமிருந்து பதில் வர ஒரு வாரம் ஆயிற்று.

"நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என் அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். 'ஆம்' என்று சொல்லவே அவ்வளவு பாடுபடுவார். பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்தால் சாப்பிடுவார், பாத்திரம் கழுவுவார், போய்விடுவார். பள்ளியில் அப்படி நடந்தது எனக்குத் தெரியாது. அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்றும் தெரியாது. இன்னும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்."

சுதர்சனா எழுதினாள். பதினோரு வருஷத்து நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள். பதிலுக்கு இல்ஸே, அவர் எப்படி நடப்பார், காபியில் எவ்வளவு சர்க்கரை போடுவார், எந்தப் பக்கம் தலைசாய்த்துத் தூங்குவார் என்று எழுதினாள். இவளுக்கு அவை எதுவும் தெரியாது. சர்க்கரை விஷயத்தைப் படித்த அன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். மாமியார் வந்து பார்த்துவிட்டு, பாலை இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

சேவை அதற்குள் நோயாளியாகிவிட்டது. தடுப்பு வேலையை எப்படியோ தானே செய்துவிட்டாள். ஆனால் எச்.டி.எம்.எல். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. புதிய குறிகள் வரும்போது சோதனை நிரலிலும் அவற்றைச் சேர்க்க வேண்டும். யானிஸ் எழுதிய நிரலைத் திறந்தால் வரி வரியாக இறுக்கமாக இருந்தது. எது எதற்கு என்று விளக்கமாக ஒரு வாக்கியம்கூட இல்லை. கோடை முழுக்க அதோடு போராடினாள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சாய்ந்தது. கனடாவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: "உங்கள் சேவை என் பக்கத்தில் பிழை என்று சொன்னதை நம்பி, சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்துக்கொண்டேன்."

அதைப் படித்தபோதுதான் அவள் முடிவுக்கு வந்தாள். சரியானதைத் தவறு என்று சொல்லும் சேவை இருப்பதைவிட இல்லாமல் போவது மேல். அதற்கு முன் உதவி கேட்டு எங்கெங்கோ எழுதியிருந்தாள். நல்ல வார்த்தை சொன்னார்கள். யாரும் பொறுப்பேற்க வரவில்லை. இதே வேலையைச் செய்யும் பெரிய சேவைகள் வேறு இருக்கின்றன, எதற்காக மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

நிறுத்தலாமா என்று இல்ஸேவிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எது பாரமில்லையோ அதைச் செய்யுங்கள்" என்று இல்ஸே எழுதினாள். "ஆனால் நிறுத்துவதற்கு முன் அது என்ன என்று எனக்கு ஒரு முறை காட்டுங்கள். எனக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது."

இல்ஸே பாடும் தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு ஒரு சின்ன வெப்சைட் இருந்தது. சுதர்சனா அதன் முகவரியைச் சேவையில் கொடுக்கச் சொன்னாள். பிழைகள் வரிசையாக வந்து விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து இல்ஸே எழுதினாள்.

"நான் பள்ளியில் படிக்கும்போது என் வீட்டுப்பாடத்தை அண்ணன் இப்படித்தான் திருத்துவார். வாயால் சொல்ல முடியாது இல்லையா? இந்த வரி, இந்த இடம், இது தப்பு என்று ஓரத்தில் எழுதி வைப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு முறை அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தேன். இதில் வார்த்தைகள் மட்டும் அவருடையவை இல்லை. இவ்வளவு அன்பாக அவர் எழுதியதில்லை."

"வார்த்தைகள் நான் எழுதியவை" என்று சுதர்சனா பதில் போட்டாள்.

ஆடி பிறந்து காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் அவள் சேவையை நிறுத்தினாள். முன்கூட்டியே அறிவித்திருந்ததால் நன்றி சொல்லிச் சில பேர் எழுதியிருந்தார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஸ்ரேயாம்ஸ் சாப்பிட வந்திருந்தான். கை கழுவிவிட்டு வந்தவன், அவள் திரை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னா ஆச்சு?"

"நிறுத்தப் போறேங்க. இத அழுத்துனா நின்னுடும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அவள் அழுத்தினாள். திரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

"அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான்."

"அந்த ஆளு எப்படி இருப்பாரு?"

பல மாதங்களில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் இல்ஸே அனுப்பிய படத்தைக் காட்டினாள். தாடி வைத்த, தோள் குறுகிய ஒரு மனிதர், ஏதோ பெஞ்சில், கேமராவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லவராட்டம்தான் இருக்காரு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இன்னும் புரியல சுதர்சனா. புரியும்னு தோணவும் இல்ல" என்றான்.

"பரவால்லங்க."

"மண்டிக்குப் போவணும்" என்று சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை. மண்டியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தான். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து வெளிச்சத்திலேயே சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு சுதர்சனா விதைக் கம்பெனிகளுக்கும் பள்ளிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். வேலை இருக்கிறது. பிற்பகல்கள்தான் நீண்டுவிட்டன. பழக்கத்தில் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். திறந்த பிறகு யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் அப்படியே மூடிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள்.

இந்தக் கோடையில் இல்ஸேவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவர்கள் ஊரில் வெயில் காலத்தில் ஒரு நாள், எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்களவர் இடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைத்து, கூடி உட்கார்ந்துவிட்டு வருவார்களாம். பைன் மரங்களுக்கு அடியில் சின்னக் கல். சுற்றிலும் மணலைத் தலைவாருவதுபோல் வாரிக் கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் பூக்கள்.

மாமியாருக்கு இப்போது இடுப்பு முடியவில்லை, கட்டிலோடு இருக்கிறார். மருந்து கொடுக்கப் போனபோது சுதர்சனாவின் கையில் போன் இருந்தது.

"இன்னா பாத்துக்கினே வர்ற? காட்டு."

காட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் போனைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வெளிநாட்டுக்காரரா?"

"ஆமா அத்தை."

"சுத்தமா வச்சிருக்காங்க. யாரு பாக்கறாங்க?"

"தங்கச்சி."

"கல்யாணம் கட்டலியா அவுரு?"

"இல்ல."

மாமியார் போனைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"மண்ண வாரிவிட்டிருக்கறத பாத்தா அவுரு நேத்துதான் செத்துப்போனாப்ல இருக்குது" என்றார். "அந்தப் பொண்ண விசாரிச்சேன்னு எழுது."